ஒன்பது திங்கட்கிழமையும் காலி அட்டைகளும்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போன நாட்கள் ரொம்ப. நோட்டில் பிள்ளையார் சுழி போடுவேன். அதோடு கை நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம்தான். போன சித்திரையில் குற்றாலநாதர் சன்னதியில் நின்றபோது, எழுதிவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்ன பிறகு மாற முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்காசி வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு மாசி மாதம் முழுக்க இருமல். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். அரசாங்கமே மாத்திரை தரும், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. 'நெஞ்சுச் சளி' என்றே பேசிக்கொண்டோம்.

அத்தையின் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி தெருமுனை அங்கன்வாடி டீச்சரிடம் இருந்தது. முதல் இரண்டு மாதம் டீச்சரின் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் மதியமாகப் பார்த்து அத்தை போய்வருவாள். இருமல் நின்றது; கன்னத்தில் சதை பிடித்தது. வைகாசியில் செங்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்து, பிடித்தும் போயிற்று.

மாப்பிள்ளையின் சித்தி வீடு அங்கன்வாடிக்கு நேர் எதிர் வீடு. அத்தை அங்கே போவது அன்றோடு நின்றது. டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வினை. அம்மா போய்க் கெஞ்சியதில் டீச்சர் மனமிரங்கி, வாரத்துக்கு ஒரு மாத்திரை அட்டை என்று என்னிடம் கொடுத்துவிடச் சம்மதித்தார். காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. என் பென்சில் டப்பாவில் அது வந்து போயிற்று. அட்டை காலியாக வரும்போதெல்லாம் டீச்சர் ஒரு சத்துமாவு உருண்டை தருவார்.

"ஒங்க அத்தைய நீதாம்ட்டி காப்பாத்துத" என்பார்.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஒன்பது திங்கட்கிழமை அருவியில் குளித்து ஈர உடையோடு குற்றாலநாதரைக் கும்பிடுவதாக அத்தை வேண்டிக்கொண்டாள். துணைக்கு நான். முதல் பஸ்ஸில் போய்ப் பள்ளி மணிக்குள் திரும்பிவிடுவோம். முதல் திங்கட்கிழமை, குளித்து முடித்துத் தண்ணீர் ஓடிவரும் பாறையோரம் நின்றபோது, அந்த வாரத்து அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"இது சூட்டு மாத்திரை. அருவித் தண்ணி குளிர்ச்சி. ரெண்டும் சேந்தா ஜன்னி வந்துரும். அங்கன மேல எத்தன மூலிகையத் தொட்டுட்டு வருது இந்தத் தண்ணி, இதவிடவா மருந்து? ஒம்பது திங்களும் அவரு பாத்துக்கிடுவாரு."

"டீச்சர் கேட்டா?"

"அவ காலி அட்டையத்தான கேக்கா? காலி அட்டையக் குடு."

"அம்மா ஏசுவாளே."

"மதினிட்ட சொன்னேன்னு வையி, எங்கூடச் செங்கோட்டைக்கு ஒன்னயும் பொட்டியில வச்சுக் கெட்டிக் கொண்டுபோயி, மாமியாருக்குக் கால் அமுக்க விட்டுருவேன்."

இருவரும் சிரித்தோம். மாத்திரைகளை நான்தான் பிதுக்கினேன். ஒவ்வொன்றும் 'டப்' என்று வெளியே வருவது எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பு மாத்திரை தண்ணீரில் உருண்டு கொஞ்ச தூரம் தெரியும், பிறகு தெரியாது. அத்தை கண்ணை மூடி, கோயில் இருந்த பக்கம் கைகூப்பி நின்றாள். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. நோயோடு இன்னொரு வீட்டுக்குள் போகக்கூடாது என்றுதான் அவள் அத்தனை உருகிக் கேட்டாள்.

ஏழாவது திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். அத்தையும் போகவில்லை. நாளெல்லாம் என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கசப்பு மருந்தை நான் துப்பப் பார்த்தபோது மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"மருந்த விட்டா எப்படிட்டி சரியாவும்?"

அந்த வாரத்து அட்டையை மறுநாள் வீட்டில் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் பிதுக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். தைக்குள் அத்தை திரும்பி வந்துவிட்டாள், இருமலோடு. கொண்டுவந்து விட்ட மாமியார் வாசலிலேயே நின்று, "பொண்ணத் தந்தியளா, நோயத் தந்தியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சளியை வெளியூருக்கு அனுப்பினார்கள். பதில் வர மாதக்கணக்காயிற்று. பழைய மாத்திரைக்கு இந்தக் கிருமி அடங்காது என்று வந்தது. தினமும் ஊசி போட்டார்கள். அதில் காது மந்தமானது. நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அடுத்த ஆனியில், சாரல் விழுந்த முதல் வாரத்தில் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு அட்டகூடத் தப்பலியே. எல்லாம் காலியாத்தான வந்துச்சு. மருந்துதான் நம்மள மோசம் பண்ணிட்டு."

கதவுக்குப் பின்னால் நின்று நானும் அழுதேன், ஏழாவது திங்கட்கிழமைக்காக. என் காய்ச்சலால்தான் வேண்டுதல் முறிந்தது, அதனால்தான் சாமி அத்தையை எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன். பல வருடம் அதற்காகவே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரைகளை நினைக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு அதே நோய் வந்தது. இப்போது மறுநாளே தெரிந்துவிடுகிறது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் சேர்த்து. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். சத்தான சாப்பாட்டுக்கென்று உதவியும் வந்தது. மாத்திரை கொண்டுவந்த நர்ஸம்மா சொன்னார்: "நடுவுல விட்டா கிருமி மருந்துக்குப் பழகிக்கிடும்மா. பெறகு எது குடுத்தாலும் கேக்காது."

அருவித் தண்ணீரில் உருண்டு போன மாத்திரைகள் அன்றைக்குத்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர் தந்த அட்டையை வாங்கி, மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

ஆறு மாதமும் அவன் என் கண் முன்னால்தான் விழுங்கினான். "நாக்க மடக்கி வேற காட்டணுமாம்மா?" என்று கேலி செய்வான்.

"காட்டுலே" என்பேன்.

அவன் பிழைத்துவிட்டான்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் மாற்றிச் சொல்லாதீர்கள். அருவித் தண்ணீர் கொன்றது என்று வேண்டாம், சாமி கைவிட்டார் என்றும் வேண்டாம். மருந்தின் மேல் பிழையில்லை. சின்னப் பிள்ளைதானே என்று என்னை விட்டுவிடவும் வேண்டாம். ஒன்பது அட்டையையும் என் கைதான் பிதுக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உருண்டை வாங்கித் தின்றேன். அது இனிப்பாகத்தான் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.