ஊர் தாண்டியவர்களின் பெயர்

1989 பிப்ரவரி. தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய டீச்சர், ஆஸ்திரேலியாவில் இருந்த மகனிடம் போய்விடுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்னை யாருக்கு சார் தெரியும்?" என்பார்.

நான் பழைய விஷயங்களைத் தேடுகிறவன் என்பதால், தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னார். நூலகத்தில் குடும்பப் பெயர்களுக்கான ஒரு தடித்த அகராதியில் கிடைத்தது. அது வட இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் பெயர். ஊரிலேயே இருந்தவர்களை யாரும் அப்படி அழைக்கவில்லை. வெளியூரில் குடியேறியவர்களுக்குத்தான் அது ஒட்டிக்கொண்டது.

இதை டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பால்காரர் வந்தார். பக்கத்து ஊரான பீர்க்கன்கரணையிலிருந்து வருவதால் எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே பீர்க்கன்கரணைதான்.

"உங்க ஊர்லயும் அப்படித்தான் கூப்பிடுவாங்களா?" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர் நீங்க! அங்க அப்டி கூப்ட்டா ஊரே திரும்பிப் பாக்கும்!"

டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்.

அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய முதல் கடிதம் வந்தது. அங்கே சர்ச்சுக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'தாம்பரம் ஆன்ட்டி'யாம்.