சத்தம் வெளியே வராத அறை

பழைய ஐஸ் ஃபேக்டரியில் ஓர் ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கத்துவதை வெளியே நின்று ரசித்தார்களாம். சலவைக் கடையில் விசாரித்தபோது, வாடகை தராததற்காகப் பூட்டினார்கள் என்றார்கள். மருந்துக் கடைக்குப் போவதற்குள் செய்தி கொஞ்சம் சதை போட்டிருந்தது: ஆளைச் சுவரோடு சுவராக வைத்துப் பூசிவிட்டார்களாம், கலை நிலைக்க வேண்டும் என்பதற்காக. முடிதிருத்தும் கடைக்காரர் மட்டும் நிதானமாகப் பேசினார்.

"பூசினதெல்லாம் இல்லீங்க. சும்மா பூட்டினாங்க, கை தட்டினாங்க. அவ்வளவுதான்."

வதந்தியைச் சரிபார்க்கக் கிளம்புகிறவனுக்கு ஒரு நப்பாசை உண்டு. நேரில் போய்ப் பார்த்தால் விஷயம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், ஊரைக் கிண்டலடித்து நாலு பத்தி எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று. இந்த முறை அந்தப் பாக்கியம் இல்லை. முடிதிருத்துபவர் சொன்னது கிட்டத்தட்ட முழுக்கச் சரி. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: கை தட்டிய கூட்டத்தில் கை தட்டாமல் ஒருத்தி நின்றிருந்தாள். கத்துவது யார், எதற்காக என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவள்.

அவள்தான் சாவியக்கா.

ஐஸ் ஃபேக்டரி ஓடிய காலத்தில் சாவியக்கா வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் நின்றது. முதலாளி சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, "ரெண்டு நாளைக்கு வச்சிரும்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்று போனவர், போனவர்தான். பிறகு ஒரு பானை செய்கிறவள் வந்து சூளை வைக்க மூலை கேட்டாள். துணியில் அச்சுப் போடும் அண்ணன் தம்பி வந்து தண்ணீர்த் தொட்டி கேட்டார்கள். சைக்கிள் டியூபில் யானை செய்கிற ஒருவர் எதுவும் கேட்காமலே வந்துவிட்டார். சாவியக்காவுக்குக் கோடு போடக்கூட வராது. கதவு திறக்க வரும். திறந்துவிட்டாள். இப்படியாக ஊருக்கு ஒரு கலைக்கூடம் கிடைத்தது. கட்டிடம் கடைசியில் ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போனது. அவர்கள் ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்து, இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவந்தார்கள்.

கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதையும் சாவியக்காதான் போட்டாள். யாருடைய வேலையைப் பார்த்தும் "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. பானைக்காரியிடம் ஒருநாள் யாரோ அப்படிக் கேட்டு அவள் அழுதுவிட்டதால் வந்த சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் மழைக்காலத்தில் கூரை ஒழுகி, கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள் அல்லவா, மழை நின்று கூரையைச் சரிசெய்த பிறகும் அந்த வாளியை எடுக்க யாருக்கும் துணிவில்லை. பாதிப் பேர் சுற்றிப் போனார்கள். ஒருவர் அதன் முன் நின்று, "காலியா இருக்கறதுலதான் விஷயமே இருக்கு" என்றார்.

இந்தக் கூட்டத்தில்தான் மெத்தைக்காரர் வந்து சேர்ந்தார். சோபாவுக்கு உறை மாற்றுகிறவர். ஊர் தூக்கியெறிந்த சோபாத் துணியையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். ஃபேக்டரியின் குளிர் அறையைத் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் மெத்தை தைக்கப் போகிறாராம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தலாம், அழலாம், மாமியாரைத் திட்டலாம். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராது.

"எங்க வீட்டுல இதுக்கு இடமில்ல அக்கா. யாரு வீட்டுலதான் இருக்கு?" என்றார்.

மெத்தைக்காரருக்கு அவளைவிட வயது அதிகம். ஆனாலும் சாவி வைத்திருப்பவள் அக்கா. அவளுக்கு அவர் அண்ணே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு, மரியாதையாகவே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

குளிர் அறைக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வரக் கதவின் உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. மெத்தைக்காரர் வேலையில் சுத்தம். கதவின் உட்பக்கத்தையும் அங்குலம் விடாமல் தைத்து மூடினார், குமிழையும் சேர்த்து. பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "நாளைக்கு அதுக்கு ஒரு வாய் வெட்டிடறேன் அக்கா, அதுவரைக்கும் கதவைச் சாத்தாதீங்க" என்றார். சரி என்றாள்.

அந்த நாளைக்குத்தான் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள்.

கூடம் இருக்குமா போகுமா என்பது அன்றைக்கு முடிவாக வேண்டும். தலைமை தாங்கிய அம்மாள் தோளில் ஒரு பெரிய சால்வையும் முகத்தில் எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட களைப்புமாக வந்தார். பானையைப் பார்த்தார், "ம்" என்றார். யானையைப் பார்த்தார், அந்த "ம்" கூட இல்லை. அடுத்து நடை. நடையை மறித்துக்கொண்டு குளிர் அறைக் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. சாவியக்கா முன்னால் ஓடிப்போய் ஒரே தள்ளு. கதவு சாத்திக்கொண்டது.

ஐஸ் காலத்தில் அந்தக் கதவைச் சாத்துவதற்கு ஒரு முறை இருந்தது. "உள்ள யாரு?" என்று மூன்று தடவை குரல் கொடுத்து, காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சாத்துவார்கள். டோக்கன் கொடுப்பவளுக்கு அது தெரியாதா? அத்தனை வருடம் கேட்ட குரல்தான். அன்றைக்குச் சால்வை பின்னால் வந்துகொண்டிருந்தது. குரல் கொடுத்தால் கடைத்தெருப் பெண்பிள்ளை மாதிரி இருக்குமே என்று தோன்றியதாம். இதை அவளேதான் சொன்னாள்.

குழு கதவைத் தாண்டுவதற்குள் உள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல.

"அக்கா... அக்கோவ்..."

சால்வையம்மா நின்றார். கதவில் காதை வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். தெருச் சத்தங்களைப் பதிவு செய்து திரியும் ஒருவன் கூடத்தில் உண்டு, இரைச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் பரபரப்பாக மைக்கைக் கொண்டுவந்து கதவில் ஒட்டினான். சட்டப்படி அவனும் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, நாந்தான்... குமிழ் கைக்கு வரலை... அக்கா, நீங்க அங்கதான் இருப்பீங்க, எனக்குத் தெரியும்..."

சால்வையம்மாவின் களைப்பு முகத்தைவிட்டு இறங்கிப் போனது. "எவ்வளவு எளிமை! அந்த அக்காங்கறது யாரு? இந்தச் சமூகமா? இதை அவர் தினமும் செய்யறாரா?"

எல்லோரும் சாவியக்காவைப் பார்த்தார்கள். இரைச்சல்கூட, ஹெட்ஃபோனைப் போட்டபடி கண் கலங்கி, அவளைப் பார்த்தான்.

"ஆமாம்," என்றாள்.

கை தட்டினார்கள். உள்ளே இருந்தவர் யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் உயர்ந்தது. இன்னும் தட்டினார்கள். பிறகு டீ குடிக்க முன் அறைக்குப் போனார்கள். அவளும் போனாள். அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. "டீ ஆறலைங்க, அது மட்டும் தெரியும். நான் என் டம்ளரையே பாத்துட்டிருந்தேன்."

சர்க்கரை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மெத்தைக்காரர் வியர்வையில் குளித்து உட்கார்ந்திருந்தார். குமிழுக்கு வாய் வெட்ட வந்தவர், கத்தரியை எடுப்பதற்கு முன் உள் மூலையில் ஒரு தையலைச் சரிபார்க்கப் போயிருந்திருக்கிறார். குமிழைத் தேடித் தையலைப் பிய்த்ததில் நகத்துக்குள் நூல் நூலாகச் சிக்கியிருந்தது, ஒரு விரலில் ரத்தம். முகத்தில் மட்டும் அப்படியொரு பூரிப்பு.

"அக்கா! எப்படிக் கத்தினேன் தெரியுமா? செத்தேன்னு நினைச்சேன். ஒரு சத்தம் வெளிய வரலைல்ல?"

அவள் அவருடைய விரலைப் பார்த்தாள்.

"வரலை அண்ணே."

அவர் சுவரைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அறக்கட்டளை அடுத்த வாரமே பதில் சொன்னது. கூடம் பல வருடம் இருக்கலாம். கூரைகூட மாற்றித் தருவார்கள். ஒரு விருப்பம் மட்டும்: திறப்பு விழாவில் அந்தக் குரல், அந்த அறைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரைச்சல் அந்தப் பதிவைச் சுத்தம் செய்து, முடிந்ததும் மறுபடி தொடங்குகிற மாதிரி ஒட்டிவைத்துவிட்டான். சாவியக்கா ஒருமுறைதான் கேட்டாள். 'எனக்குத் தெரியும்' என்கிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய், எடுக்க வேண்டாத குப்பையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஒண்ணு போய்ச் சொல்லு. இல்ல, சொல்லாம இரு. தட்டைப் பாத்து முழிச்சா அது என்ன பதிலா சொல்லும்?" என்றார்.

போனாள். மெத்தைக்காரர் கடையில் ஒரு சோபா கால்களை மேலே தூக்கிக் கிடந்தது. வாய் நிறைய ஆணி வைத்துக்கொண்டு அவர் சந்தோஷமாகப் பேசினார்.

"அக்கா, வாங்க. பல் டாக்டர் ஒருத்தர் வந்தாரு. அவரு அறைக்கு மெத்தை வேணுமாம். உள்ள பல்லு புடுங்கறப்ப கத்தறது வெளிய உக்காந்திருக்கறவங்களுக்குக் கேட்டு, பாதிப் பேரு எழுந்து போயிடறாங்களாம். நானே உள்ள இருந்து கத்திப் பாத்தது சார், ஒரு பொட்டு வராதுன்னு சொல்லிட்டேன்."

"அண்ணே, வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"சத்தம். நீங்க கத்தினது கேட்டுச்சு."

மெத்தைக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் சோபாவின் மேல் வைத்தார்.

"எந்தப் பக்கமா? கீழேயா, கீல் பக்கமா?"

"அண்ணே..."

"சொல்லுங்க, கீல் பக்கமா?"

"கீல் பக்கம்."

"அங்க ஃபோம் பத்தலைன்னு அப்பவே நினைச்சேன்." குனிந்து துணியை இழுத்து ஓர் ஆணி அடித்தார். அடுத்ததை அடிக்கவில்லை. "நாந்தான்னு தெரிஞ்சுதா?"

"முதல் அக்காவுலயே தெரிஞ்சுது."

"வந்தவங்க போனப்புறம் திறந்தீங்க."

"டீ குடிக்கப் போனப்புறம்."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. அவர் வண்டி போகும்வரை காத்திருந்தார்.

"நல்லா இருக்குன்னாங்களா?"

"கை தட்டினாங்க."

"எதுக்கு? மெத்தைக்கா?"

"மெத்தையை அவங்க பாக்கவே இல்லையே அண்ணே. கதவு சாத்தியிருந்துச்சு."

அதுதான் அவரைத் தாக்கியது. பூட்டியதுகூட இல்லை. தையல் தையலாக அவர் போட்ட வேலையை ஒருத்தரும் பார்க்கவில்லை, பயந்துபோய்க் கத்தியதை வேலை என்று கொண்டாடியிருக்கிறார்கள். பதிவைப் பற்றியும் அப்போதே சொல்லிவிட்டாள். கடைசிவரை சொன்னாள். வேண்டாம் என்று அவர் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினார். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன் என்கிறாள் அவள்.

சாவியக்கா சால்வையம்மாவுக்குப் போன் போட்டு, அது நிகழ்ச்சி இல்லை, ஓர் ஆள் நிஜமாகவே மாட்டிக்கொண்டு கத்தியது, நான் பொய் சொன்னேன் என்று ஒப்பித்தாள். பிறகு, "அதுதான் அதோட பலமே" என்று பதில் வந்தது. பதிவு கிடையாது என்றாள் இவள். அப்படியானால் யோசிக்க வேண்டும் என்றார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரை பழைய கூரைதான். இரைச்சல் பதிவை அழித்துவிட்டதாகச் சொல்கிறான். பானைக்காரி முதல் யானைக்காரர் வரை யாரும் சாவியக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் வாயைத் திறந்ததற்குக் கோபமா, அன்று திறக்காததற்கா என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது.

மெத்தைக்காரர் வருவாரா என்பதுதான் அவளுக்கு ஒரே கவலையாக இருந்தது. ஒரு மத்தியானம் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கீல் பக்கம் பிரித்து ஃபோம் அடைத்தார். குமிழுக்கு வாய் வெட்டி, அதற்கு ஒரு மடிப்பு மூடி தைத்தார். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டபின்தான் அவளைப் பார்த்தார்.

"சோதிச்சுப் பாக்கணும் அக்கா. பல் டாக்டருக்கு வார்த்தை கொடுத்திருக்கேன். நீங்க உள்ள போய்க் கத்துங்க. நான் வெளிய நின்னு கேக்கறேன்."

"நானா?"

"நான் கத்தினதை நீங்க கேட்டீங்கல்ல?"

அவர் கடைக்குப் போய், அவள் கத்தினால் உடனே திறப்பீர்களா என்று கேட்டேன். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தில் தேடினேன், அகப்படவில்லை. "சத்தம் வந்தா திறப்பேங்க. வரலைன்னா அவங்க கத்தினது எனக்கெப்படித் தெரியும்? குமிழ் இருக்கு, அவங்களே வந்துக்கலாம்," என்றார்.

சாவியக்கா முதலில் வியாழக்கிழமை என்றாள். அன்று சூளைக்கு ஆள் வந்தது. அடுத்துத் தொண்டை கட்டியது. பயமா என்றேன். "குமிழ் இருக்கே, என்ன பயம்? உள்ள போய் நின்னுகூடப் பாத்துட்டேன். அண்ணேன்னுதான கத்தணும்? அது வாய்ல வரமாட்டேங்குது." மெத்தைக்காரர் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். வாசலில் ஒரு நொடி நின்று, "இன்னைக்கா அக்கா?" என்று கேட்கிறார். "நாளைக்கு அண்ணே" என்கிறாள்.