மூன்று ராசாவும் இரண்டு ஏழும்

போக்கர் விளையாடிப் பிழைத்தேன் என்று சொன்னால் ஆட்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒரு பகுதி, கட்டுக்கட்டாகக் காசு அள்ளியிருப்பான் என்று வாயைப் பிளக்கும். மற்றப் பகுதி, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்திருப்பான் என்று முகத்தைச் சுளிக்கும். இரண்டும் பொய். நான் வென்றேன். மூன்றரை வருடம் வென்றேன். பெற்றோல் ஸ்ரேசனில் நின்றால் என்ன கிடைக்குமோ, அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இன்றுவரை ஒருவரும் இதை நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் கணக்கியல் படிக்கவென்று லண்டன் வந்தவன் நான். அந்தக் காலத்தில் எங்கள் பெடியளில் பாதிப் பேர் கணக்கியல் படிக்கத்தான் வந்தார்கள். படித்து முடித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பகலில் வகுப்பு, இரவில் பெற்றோல் ஸ்ரேசன். மூன்றாம் முறையும் அதே பாடத்தில் கோட்டை விட்டபிறகு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மனோர் பார்க்கில் ஐந்து பேர் சேர்ந்திருந்த வீட்டில் சனிக்கிழமைகளில் கடதாசி, அதுதான் சீட்டு, விளையாடுவோம். ஊரில் விளையாடிய அதே முந்நூற்றிநாலு ஆட்டம்தான். எந்தக் காட் விழுந்துவிட்டது, எது யாருடைய கையில் கிடக்கிறது என்பது எனக்கு அப்படியே மனதில் நிற்கும். "உன்னோட விளையாட ஏலாதடா, நீ கடதாசிக்குப் பின்னால பாக்கிறாய்" என்று ஏசுவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பேயன்.

பெற்றோல் அடிக்க வரும் டாக்சிக்காரன் ஒருவன்தான் என்னைக் கசினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதல் மாதம் தோற்றேன். இரண்டாம் மாதம் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் மாதம் வென்றேன். ஆறு மாதம் விடாமல் வென்றதும் பெற்றோல் ஸ்ரேசன் வேலையை உதறி எறிந்தேன். மனேச்சருக்கு முன்னால் சாவியை மேசையில் போட்ட அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் முழுப் போக்கர் வாழ்க்கையிலும் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோசம்.

பிறகு தொடங்கியது வேலை. ஓம், வேலைதான். பகல் இரண்டு மணிக்குக் கதவு திறக்கும். கோட்டும் சப்பாத்தும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கோட். மூன்றாம் வருடம் அதன் முழங்கை தேய்ந்து பளபளத்தது. கதிரையில் இருப்பதற்கே மணிக்கணக்கில் கூலி கட்ட வேண்டும், வென்றாலும் தோற்றாலும். பத்துத் தரம் காட் பிரித்தால் எட்டுத் தரம் பேசாமல் திருப்பிப் போட வேண்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்வை பார்ப்பதெல்லாம் சும்மா கதை. சிகரெட் புகைக்குள் இருந்து, ஆறிய சாண்ட்விச் தின்று, நாரியும் முதுகும் நோக நோகக் காட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான் அந்தத் தொழில். காய்ச்சல் என்று படுத்தால் சம்பளம் இல்லை. விடுமுறை இல்லை. ஒருமுறை ஒன்பது கிழமை தொடர்ந்து தோற்றேன். ஒரு பிழையும் விடாமல் விளையாடித் தோற்றேன். அதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் உணவகச் சமையல்காரன் ஒருவன் வருவான். அவனுக்கு அன்றுதான் ஓய்வு. கிழமைச் சம்பளம் முழுவதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவான். எண்ணெய் சுட்ட தழும்பு கையெல்லாம். அவனுக்கு விளையாடத் தெரியாது. எங்கள் மேசையில் இருந்த நாலைந்து பேர் அவனுடைய சம்பளத்தில்தான் சோறு தின்றோம். ஒரு செவ்வாய் அவன் வரவில்லை. ஏதும் நோய் வருத்தமோ, விபத்தோ என்று நான் பதறிப்போனேன். அவனுக்காகப் பதறவில்லை. என்னுடைய வாடகைக்காகப் பதறினேன். சீ, என்ன மனிதன் நான் என்று அன்றைக்கு ரயிலில் வரும்போது எனக்கே என்னில் அருவருப்பு வந்தது. அடுத்த செவ்வாய் அவன் வந்தான். நானும் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் சித்தியோடு தங்கியிருந்தாள். படம் வந்தது, கடிதம் வந்தது, லொட்ஜ் மனேச்சரின் மேசையில் இருந்த தொலைபேசியில் மூன்று நிமிடம் கதைத்தோம். இரண்டாம் தடவை கதைத்தபோதே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வெல்லுறனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப சரி, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளை லண்டனுக்குக் கூப்பிட, விசாப் பத்திரம் நிரப்பித்தரும் ஆளிடம் போனேன். வங்கிப் புத்தகத்தைப் பெருமையோடு நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "வேலைக் கடிதம் எங்கை? பே ஸ்லிப் எங்கை? சூதாடின காசை வருமானம் எண்டு ஒருத்தனும் எடுக்கமாட்டான், தம்பி" என்றார். எங்கள் மனோர் பார்க் வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தவனுக்குக்கூட எங்கேயோ ஒரு கடையில் பத்து மணித்தியால ஸ்லிப் இருந்தது. மூன்றரை வருடம் முதுகு முறிய உழைத்த எனக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அப்போதுதான் அண்ணையிடம் போனேன். சொந்த அண்ணன் இல்லை. எங்கள் ஊரவர், எழுபதுகளிலேயே வந்து குட்மேய்ஸில் பலசரக்குக் கடை போட்டவர். ஊரில் இருந்து வந்த பெடியளில் பலர் அவருடைய கடையில்தான் முதல் வேலை செய்தார்கள். நான் கள்ளக் கடிதம் கேட்கவில்லை. கிழமையில் நாலு நாள் காலையில் கடையில் நிற்கிறேன், மூட்டை தூக்குகிறேன், அதற்கு ஸ்லிப்பும் கடிதமும் தாருங்கள் என்றுதான் கேட்டேன். "டேய், உது பெரிய விசயமே? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டை வா, சாப்பிட்டிட்டுக் கதைப்பம்" என்றார். எனக்குப் பாதி விசா கையில் வந்த மாதிரி இருந்தது.

அண்ணையின் வீடு கடைக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கே கடதாசி போடுவார்கள். அந்த வீட்டில் போக்கரைப் பழக்கியதே நான்தான், ஒரு காலத்தில் பகிடிக்குச் சொல்லிக் கொடுத்தது. அன்று ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்ட பிறகு அண்ணை, நான், அவருடைய நண்பர்கள் மூன்று பேர் என்று மேசையைச் சுற்றி இருந்தோம். ஆளுக்கு ஐந்து காட். வேண்டாததைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாம். பிறகு காசு வைப்பது.

எனக்கு முதலில் மூன்று ராசா வந்தது. இரண்டு காட்டைக் கொடுத்து இரண்டு எடுத்தேன். இரண்டும் ஏழு. ஐந்து பேர் மேசையில் இதை வெல்வதற்கு ஒரு வருடத்தில் ஒருதரம்தான் காட் வரும். அண்ணை மூன்று காட் மாற்றினார். மற்ற மூவரும் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். நானும் அவரும்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கையில் நல்ல காட் இருந்தால் "டேய், வைக்கிறியோ இல்லையோ" என்று அதட்டுவார். ஒன்றும் இல்லையென்றால் குரல் பனம்பாணிபோல இனிக்கும். அன்று, "தம்பி, வடிவா யோசிச்சு விளையாடும் அப்பன்" என்றார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. சும்மா வெருட்டுகிறார்.

முன்னால் இருந்த காசு முழுவதையும் நடுவில் தள்ளினார். அது போதாதென்று சட்டைப்பையில் இருந்து ஒரு கட்டுக் காசை எடுத்து அதற்கு மேலே வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி தேத்தண்ணித் தட்டோடு அறைக்குள் வந்தா. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். வாசலிலேயே நின்றுவிட்டா. "இஞ்சாருங்கோ, உது நாளைக்குக் கடைக்கு மரக்கறி எடுக்கிற காசெல்லோ?" என்று மெல்லக் கேட்டா. அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய காது சிவந்ததை நான் கண்டேன்.

கசினோவில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எவனாக இருந்தாலும் யோசிக்காமல் அந்தக் காசை எடுத்திருப்பான். நான் எங்கள் ஊர்ப் பிள்ளை. வேலை கேட்டு வந்த வீட்டில், அந்த வீட்டுச் சோறு தின்ற கை ஈரம் காயமுதல், மனைவிக்கு முன்னால் அந்த மனிசனின் மரக்கறிக் காசை நான் வழித்தெடுப்பதா? காட்டைக் குப்புற வைத்தேன். "ஏலாது அண்ணை, நீங்கள் எடுங்கோ" என்றேன்.

அண்ணை தன்னுடைய காட்டை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு சோடிகூட இல்லை. "ஒண்டுமில்லையடா! சும்மா வெருட்டினனான்!" என்று மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காகூடச் சிரித்தா. நானும் சிரித்தேன், அவருடைய மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில்.

பிறகு சாப்பாட்டு அறையில் வைத்து வேலைக் கதையை எடுத்தேன். அவருடைய முகம் மாறியது. "நான் வெருட்டினதையே பிடிக்கத் தெரியேல்லை, நீ உதில பிழைக்கிறன் எண்டு சொல்லுறியே? நாளைக்கு அந்தப் பிள்ளை இஞ்சை வந்து பட்டினி கிடக்கிறதுக்கு நான் கடிதம் தரமாட்டன். முதல்ல ஒரு ஒழுங்கான வேலை எடு."

"நீங்கள் தாறதுதான் அண்ணை அந்த வேலை" என்றேன்.

"கடதாசி பிடிச்ச கைக்கு நான் கல்லாப்பெட்டியைக் குடுக்கிறதோ? விசர்க் கதை கதையாதை."

அட கோதாரி விழுவானே! அரை மணித்தியாலத்துக்கு முன்னால் அதே மேசையில் அதே கடதாசியைப் பிடித்த கை அவருடையது இல்லையா? போய் அந்த ஐந்து காட்டையும் எடுத்து அவருடைய முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவை ஏற்கெனவே மற்றக் கட்டோடு கலந்துவிட்டன. இனி என்னிடம் மூன்று ராசா இருந்தது என்று சொன்னால், தோற்றவன் சொல்லுகிற சாட்டு என்றுதான் சொல்வார்கள். நன்றி அண்ணை, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். நன்றி சொன்னேன், பாருங்கள்! அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

நாட்டில் வேலை இல்லாத காலம் அது. பழைய பெற்றோல் ஸ்ரேசன் மனேச்சர், நான் மேசையில் போட்ட சாவியை மறக்கவில்லை. ஏழு மாதம் அலைந்துதான் இன்னொரு இடத்தில் வேலை கிடைத்தது. பிறகு ஸ்லிப் சேர வேண்டும், பத்திரம் போக வேண்டும், விசா அதிகாரிகள் கேள்வி கேட்க வேண்டும். எல்லாமாகப் பதினான்கு மாதம். கொழும்பில் குண்டு வெடிக்கும் ஒவ்வொரு தரமும் லொட்ஜுகளைச் சுற்றி வளைப்பார்கள். அவளை இரண்டு தரம் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. ஒருதரம் அடுத்த நாள் மத்தியானம்வரை ஒரு அறைக்குள் இருபது பெண்களோடு நிற்க வைத்தார்கள், இருக்க இடமில்லை. தொலைபேசியில் அவள் அழமாட்டாள். "ஏதும் தெரியுமோ?" என்று மட்டும் கேட்பாள். "வரும்" என்பேன். வேறென்ன சொல்ல?

வந்தாள். கலியாணம் நடந்தது. அண்ணை முன்வரிசையில் பட்டுவேட்டியோடு இருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அந்தக் கதையை எடுத்துவிட்டார். தன் கையில் ஒன்றும் இல்லாமல் என்னை வெருட்டியதும், கடிதம் தர மறுத்து என்னைச் சூதில் இருந்து மீட்டதும். "நான் அண்டைக்கு ஓம் எண்டிருந்தால் இவன் அழிஞ்சிருப்பான்" என்றார். சனம் தலையாட்டியது. அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷம் என்றாலும் அந்தக் கதை வரும். ஒவ்வொரு தரமும் அவர் வைத்த காசு கூடிக்கொண்டு போகும். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், விம்பிள்டனில் ஒரு சாமத்தியவீட்டில் அவர் அதை இன்னொருதரம் சொன்னார். காரில் திரும்பி வரும்போது மனைவி, "அந்த அண்ணை இல்லாட்டில் நீங்கள் இப்பவும் உதிலதான் கிடந்திருப்பியள்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். மூன்று ராசாவையும் இரண்டு ஏழையும் சொன்னேன். தேத்தண்ணித் தட்டைச் சொன்னேன், மரக்கறிக் காசைச் சொன்னேன். இத்தனை வருடமும் ஒரு முட்டாளைக் காப்பாற்றப் போய் நான் முட்டாளாக நிற்கிறேன் என்று ஸ்டியரிங்கில் அடித்துக் கத்தினேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

நான் கத்தி முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வெருட்டுறார் எண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் எண்டுறன். அக்கா பாத்துக்கொண்டு நிண்டா. அந்த மனிசன்ர மரியாதை போயிடும் எண்டுதான் காட்டைக் குப்புற வைச்சனான்."

"நீங்கள் தோத்தால் கடிதம் தருவன் எண்டு அவர் சொன்னவரோ?"

"இல்லை."

"வெண்டால் தரமாட்டன் எண்டு சொன்னவரோ?"

அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு விளையாடத் தெரியும் எண்டு நம்பித்தான் நான் அந்த லொட்ஜில இருந்தனான். நீங்கள் வெண்டிருந்தால் அவருக்கு ஒரு பின்னேரம் வெக்கமாப் போயிருக்கும். எனக்குப் பதினாலு மாதம் போச்சு."