வெளுத்துப்போன சாமந்தி

ஆரணியில் நானும் மனைவியும் ஆர்டரின் பேரில் பட்டுப்புடவை நெய்து தருகிறோம். வாடிக்கையாளர் கைப்பேசியில் அனுப்பும் படத்தை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு, வெள்ளைப் பட்டு நூலோடு சாயக்காரரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம்.

போன மாதம் வந்தவாசியிலிருந்து ஒரு முகூர்த்தப் புடவை. ஆர்டர் எடுத்தவள் மனைவி. அலுப்பில் நான் படத்தைச் சரியாகப் பார்க்காமலே இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றை நூலோடு கொடுத்துவிட்டு வந்தேன். மற்றதை மனைவி எடுத்துப் பார்த்தாள்.

"படத்துல பொண்ணு தலையில மஞ்ச சாமந்தியாச்சே, ஏன் வெள்ளையா இருக்குது? புடவை கிளிப்பச்சைங்க. இதுல நீலமா வந்திருக்குது."

உடனே சாயக்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணா, நூலை முக்கிட்டீங்களா?"

"தண்ணி கொதிச்சிகினு இருக்குது. இன்னா விஷயம்?"

"நீலம் வேணாம். கிளிப்பச்சை."

"உன் மிஷினுக்குக் கண்ணு தெரியலியாப்பா?"

நூல் நீலத்தில் இறங்கியிருந்தால், முகூர்த்தத்துக்குள் வேறு நூல் வாங்கி நெய்திருக்க முடியாது.

பிரிண்டரில் சோதனைப் பக்கம் எடுத்தேன். மஞ்சள் கோடுகள் மட்டும் விழவில்லை. பல வாரங்களாகப் படம் எதுவும் வராமல் கறுப்பில் மட்டுமே அச்சிட்டதில், மஞ்சள் மை காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தது. துவாரத்தைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிய பிறகு சரியானது.

இப்போது வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுகிறேன். படத்தை அச்சிடுமுன் சோதனைப் பக்கம் பார்க்கிறேன். அச்சிட்ட படத்தோடு, அந்த நிறத்தில் மிச்சமிருக்கும் பழைய நூலில் ஒரு துண்டும் கட்டி அனுப்புகிறேன். சாயக்காரர் நூலை மட்டும் அவிழ்த்துக்கொண்டு படத்தை என்னிடமே திருப்பித் தருகிறார்.