ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கணக்குக்கு விண்டோஸ் சர்வர், துணி வெட்டும் பேட்டர்ன்களுக்கு லினக்ஸ் சர்வர். விற்க வந்தவர் விண்டோஸில் ஓட்டிக் காட்டியதைப் பார்த்தே பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கினோம். பேக்கப் முடிந்ததாகத் தினமும் பச்சை டிக் வந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்துப் பொட்டு வைத்தோம். மறுபடி போட்டபோது லினக்ஸ் சர்வர் எழவில்லை.

“பேக்கப் இருக்குதுங்கள்ல?” என்றார் முதலாளி.

“இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். விண்டோஸ் ஃபைல்கள் மட்டுமே இருந்தன. ஷிப்மென்ட்டோ நெருங்கிவிட்டது. நல்லவேளை, வெளியில் கட்டிங் செய்பவருக்கு அனுப்பிய பேட்டர்ன்கள் அவர் மெயிலில் கிடந்தன.

அடுத்த சாஃப்ட்வேர் வாங்குமுன், விற்க வந்தவர்களிடம் இரண்டு சர்வரிலும் தலா ஒரு ஃபைலை அழித்து மீட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் வந்தவர் போன் பேச வெளியே போனவர்தான், திரும்பவில்லை.

இப்போது மீட்டுப் பார்த்த பிறகுதான் சர்வருக்குப் பொட்டு.