சும்மா நின்ற எட்டுப் பேர்

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, தண்ணீர் மோட்டர் சுற்றிக் கொடுக்கும் கடை என்றால் பஸ் கொண்டக்டரே என் வாசலில் இறக்கிவிடுவார். எரிந்த மோட்டரைக் காவிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. அவர்கள் நிற்பார்கள், நான் இருந்துகொண்டு பதில் சொல்வேன். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த கை இது. மோட்டர் உறுமுவதைக் கேட்டே கண்டென்சர் போய்விட்டதா, பெயாரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு கண்டென்சராவது மாற்றுகிறேன். இந்தக் கண்டென்சர் கதையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். நான் விழுந்த இடம் அதுதான்.

என் கடைசி மகள் கம்பசில் படிக்கிறாள். உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்ன எலெக்ரோனிக் போர்ட் செய்வது அவளுக்குப் பொழுதுபோக்கு. நடுவில் பூரான் போலக் கால் முளைத்த கறுப்புச் சிப் ஒன்று இருக்கும். எழுதிக் கொடுக்கிற கட்டளைகளை அது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே போகும் என்று எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். போன மாதம் அப்படி ஒன்றைச் செய்துவிட்டு மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன பிள்ளை என்று கேட்டேன்.

“பதினாறிலை ஓடவேண்டிய சிப் அப்பா. எட்டிலை விட்டால் வடிவா ஓடுது. பதினாறிலை விட்டால் விசர் பிடிச்ச மாதிரி ஆடிப்போட்டு நிண்டுபோகுது.”

எட்டும் பதினாறும் என்னவென்று கேட்டால், வேகம் என்றாள். கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். பாதி வேகத்தில் ஓடும், தனக்கென்று எழுதியிருக்கிற வேகத்தில் ஓடாது. இந்த நோயை நான் முன்னமும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, கப்பலில் வேலை பார்த்தவர். அந்த முறை லீவில் வட்டுக்கோட்டை வீட்டுக்கு வந்தபோது சென்ற் போத்தலும் கொண்டுவரவில்லை, உடுக்கிற சாரமும் கொண்டுவரவில்லை. சிங்கப்பூரில் வாங்கின மட்டைப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். அதற்குள் வெறும் பலகை ஒன்று, ஒரு புத்தகம், பொலித்தீன் பைகளில் சின்னச் சின்னச் சாமான்கள். எல்லாவற்றையும் சரியாக ஈயம் வைத்து ஒட்டி எடுத்தால் அது ஒரு கொம்பியூட்டர் என்றார். ஊரில் ரீவி இருந்த வீடுகளையே விரல்விட்டு எண்ணலாம். ஐயா, என் தகப்பனார், பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதற்குப் பதிலாக ஒரு தையல் மெஷின் வந்திருக்கலாம் என்றார்.

மாமாவுக்கு அது விளையாட்டுத்தான். வந்த கிழமையே அது விளையாட்டு இல்லாமல் போனது. யாழ்ப்பாணம் ரவுணில் புதிதாகத் தொடங்கிய தொழில் பழக்கும் இடம் ஒன்றுக்கு எலெக்ரோனிக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். மாமாவிடம் சேட்டிபிக்கற் கிடையாது, கப்பலில் கண்டு பழகியதுதான். நேர்முகத்துக்குப் போன இடத்தில் அந்தப் போர்ட்டைப் பற்றிக் கதை வந்து, இரண்டு கிழமைக்குள் அதை ஓடுகிற நிலையில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்களாம். ஓடினால் வேலை. வேலை கிடைத்தால் மாமா திரும்பக் கப்பலுக்குப் போகத் தேவையில்லை. இந்தக் கடைசி வசனம் மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்தது. கடலில் காற்று என்று றேடியோ சொன்னாலே எழும்பிப் போய்ச் சாமி விளக்கைத் தூண்டிவிடுகிற மனுசி அவர். அன்றைக்கே பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தார்.

மாமா விறாந்தையில் மேசையைப் போட்டு, அம்மாவிடம் தேங்காய்ச் சிரட்டைகள் வாங்கி வரிசையாக வைத்து, சாமான்களை இனம் இனமாகப் பிரித்துப் போட்டார். ஒரு சிரட்டைக்குள் எட்டே எட்டுச் சாமான். மண்ணிறத்தில், துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மினுங்குகிற கால் இரண்டு. மாமா புத்தகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அந்தச் சிரட்டையை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

“உவை எட்டுப் பேரும் சும்மா நிக்கிறவை. கரண்ட் வாற கம்பிக்கும் போற கம்பிக்கும் நடுவிலை, ஒரு வேலையும் இல்லாமல். கடைசியாப் பாப்பம்.”

சும்மா என்ற சொல் பொல்லாதது. வேலை இல்லாமல் நிற்பதும் சும்மாதான். கடைக்காரர் சாமானோடு சேர்த்துக் கையில் வைத்துவிடுகிற ரொபியும் சும்மாதான். எனக்கு இரண்டாவதுதான் விளங்கியது.

அந்த நாட்களில் நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். விளையாட்டுத் தேர். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு தேரை அதற்கு முன்னும் யாரும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை. மற்றப் பெடியள் பனங்காயைச் சில்லாகப் பூட்டுவார்கள். நான் பலகையில் வட்டம் கீறி வாளால் அறுத்தெடுத்த சில்லுகளைப் பூட்டினேன். பூவரசந்தடியில் கால்கள், சிகரெட் பெட்டித் தங்கத்தாளில் முடி. மணிகள் மட்டும்தான் இல்லை. போர்ட் ஓடினால் அதில் முதன்முதல் வாசிப்பது மல்லாரி என்று மாமா சொல்லியிருந்தார். சாமி வெளிக்கிடும்போது நாதசுரக்காரர் வாசிப்பாரே, அது. அந்த மல்லாரிக்கு என் தேரை இழுப்போம் என்றும் சொல்லியிருந்தார். கொம்பியூட்டர் மல்லாரி வாசிக்க, மணி இல்லாத தேரையா இழுப்பது?

மாமா குளிக்கப் போன நேரம் எட்டுப் பேரையும் எடுத்தேன். கால்களில் நூல் கட்டி, பக்கத்துக்கு நாலாகத் தொங்கவிட்டேன். வெறும் சிரட்டையை அடுப்படியில் மற்றச் சிரட்டைகளோடு சேர்த்துப் போட்டேன். தேரைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாக்கால் மூடி வைத்தேன். மல்லாரி கேட்கிற அன்றைக்குத்தான் அதை எல்லாருக்கும் காட்டுவதாக எண்ணம்.

இரண்டு நாள் கழித்து மாமா அந்தச் சிரட்டையைத் தேடினார். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“ஐயோ தம்பி, உன்ரை சேட்டு மினுக்கிற பெட்டிக்குப் போட எண்டு அடுப்படிச் சிரட்டை எல்லாத்தையும் எரிச்சுக் கரியாக்கிப்போட்டன்.”

நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. சொன்னால் மணிகள் போய்விடும் என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. அந்த ஒரு கணத்துக்குள் மாமா முந்திக்கொண்டார்.

“விடுங்கோ அக்கா. சும்மா நிக்கிறவைதானே.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

போர்ட் ஓடியது. அது ஓடாமலே இருந்திருக்கலாம். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். சின்னக் கம்பித் துண்டு ஒன்றை முதல் துளையில் குத்தினால் வேகம் இரண்டு, மற்றதில் குத்தினால் நாலு. நாலுதான் அதன் சரியான வேகம் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. மாமா முதலில் இரண்டில் குத்தினார். சிவப்பு இலக்கங்கள் எரிந்தன, மல்லாரியும் கேட்டது. ஆனால் பாதி வேகத்தில், அடித்தொண்டையால் இழுத்து இழுத்து. ஐயா செவி கொடுத்துக் கேட்டுவிட்டு, இது சாமி வெளிக்கிடுகிற மாதிரி இல்லை, பிரேதம் வெளிக்கிடுகிற மாதிரி இருக்கிறது என்றார். மாமாவும் சிரித்தார். இனித்தான் பாருங்கோ என்று கம்பியைக் கழற்றி நாலில் குத்தினார். முதல் அடி துள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாவது அடியில் ஒரு கிறீச்சிடல். இலக்கங்கள் கண்டபடி மாறின. எல்லாம் நின்றுபோனது.

பிறகு ஒரு கிழமைக்கு மேலாக மாமா அதோடு மல்லுக்கட்டினார். ஒட்டிய இடத்தையெல்லாம் கழற்றித் திரும்ப ஒட்டினார். பின்னேரத்தில் ஊர்க் கரண்ட் இறங்கிவிடுகிறது என்று காலையில் மட்டும் போட்டுப் பார்த்தார். சிப் சூடாகிறது என்று ஈரத்துணியைப் பிழிந்து முதுகில் வைத்தார். ரவுணில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் வேறு ட்ரான்ஸ்போமர் இரவல் வாங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டில் ஓடியது, நாலில் விழுந்தது. அடியோடு ஓடாமல் கிடந்திருந்தால், எதை விட்டேன் என்று மாமா முதலிலிருந்து எண்ணிப் பார்த்திருப்பார். மெல்ல ஓடியபடியால் சாமான் எல்லாம் சரி, தன் கைதான் பிழை என்று முடிவு கட்டிவிட்டார். சும்மா என்று ஒரு தரம் சொல்லிவிட்டவற்றை அவர் திரும்ப நினைக்கவே இல்லை.

கடைசி நாள் அம்மா அவரிடம் கெஞ்சினார்.

“மெல்ல ஓடினால் என்னடா தம்பி, ஓடுதுதானே. அப்பிடியே கொண்டுபோய்க் காட்டு.”

“நாலெண்டு எழுதிக்கிடக்கு அக்கா. நாலிலை ஓடாட்டில் நான் ஒட்டின ஒட்டுப் பிழை. ஒட்டத் தெரியாதவன் பெடியளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?”

மினுக்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு, போர்ட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்து, சேட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஐயாதான் மெல்ல மெல்லக் கேட்டு எடுத்தார். இரண்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார், அவர்களுக்குப் பிடித்தும் இருந்திருக்கிறது. இதுதான் இதன் வேகமா என்று யாரோ ஒருவர் கேட்டாராம். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமா கம்பியைக் கழற்றி நாலில் குத்திவிட்டார்.

வேலை வேறொருவருக்குப் போனது. அம்மா நேர்ந்த தேங்காய்களைப் பிறகு, கப்பலால் தம்பி சுகமாக வந்து இறங்கவேண்டும் என்று மாற்றி நேர்ந்துகொண்டார்.

இவ்வளவும் எனக்கு எப்போதும் ஞாபகத்தில் இருந்ததுதான். மாமாவின் போர்ட் சரிவரவில்லை, பாவம், அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன்.

மகள் நாலாம் நாள் கடைக்கு வந்தாள். நான் கழித்துப்போட்ட சாமான்களுக்குள் கிளறி, பழைய றேடியோப் பலகை ஒன்றிலிருந்து எதையோ கழற்றி எடுத்தாள். மண்ணிறம். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. கால் இரண்டு. அதைத் தன்னுடைய சிப்பின் காலடியில் வைத்து ஒட்டினாள். பதினாறில் விட்டாள். போர்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

“சிப்புக்குப் பக்கத்திலை ஒரு கப்பாசிற்றர் வைக்க மறந்திட்டன் அப்பா,” என்றாள். “சிப் ஒவ்வொருக்கா துள்ளேக்கையும் ஒரு மிடறு கரண்ட் குடிக்கும். தூரத்திலை இருந்து வாறதுக்கிடையிலை தவிச்சுப்போகும். உது பக்கத்திலை ஒரு செம்பு தண்ணி வைச்ச மாதிரி.”

“அப்ப மெல்ல ஓடேக்கை?”

“மெல்ல ஓடினால் தாகம் தெரியாது. அதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.”

சும்மா நிற்கிற சாமான் என்றல்லவா நினைத்தேன் என்றேன். பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தாள்.

நாற்பது வருஷமாகக் கண்டென்சர் மாற்றுகிறவன் நான். கண்டென்சர் இல்லாத மோட்டர் உறுமிக்கொண்டு நிற்குமே தவிரச் சுழலாது என்று படித்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன். அவள் கப்பாசிற்றர் என்பதும் நான் கண்டென்சர் என்பதும் ஒன்றுதான். அந்த வட்டங்களைப் பழைய றேடியோக்களுக்குள் ஆயிரம் தரம் கண்டிருக்கிறேன். என் தேர் மணிகள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மாமா பிறகு வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலே தங்கிவிட்டார். அந்த மாதிரிப் போர்ட் எதையும் அவர் பிறகு தொடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அங்கேயே காலமானார். அதற்கு முன் ஒரு தரம் ஊருக்கு வந்தவர் என் கடைக்கும் வந்தார். கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். காட்டிவிட்டு என் வாயால் சொன்னேன்: “மாமா, உங்கடை அந்தப் போர்ட் மட்டும் இப்ப என்னட்டை வந்திருந்தால் ஒரு பின்னேரத்திலை திருத்தித் தந்திருப்பன்.” மாமா சிரித்தார். கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தார். “ஓமடா, நீ திருத்தியிருப்பாய்,” என்றார். என் கெட்டித்தனத்தை ஒப்புக்கொள்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கப்பலுக்கு வெளிக்கிட்ட நாளை இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இனி மல்லாரி இல்லை என்று தெரிந்தாலும், மாமா பார்க்காமல் போய்விடக் கூடாதே என்று சாக்கை விலக்கித் தேரை ஒழுங்கைக்கு இழுத்து வந்தேன். மாமா தேருக்கு முன்னால் குந்தி இருந்தார். சில்லைத் தடவினார், தங்கத்தாளைத் தடவினார். பிறகு அவருடைய விரல் ஒரு மணியைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. இந்தப் பக்கம் நாலு. எட்டிப் போய் அந்தப் பக்கம் நாலு. திரும்ப முதலிலிருந்து எட்டையும் தொட்டார்.

திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். “நீங்கள்தானே மாமா சொன்னனீங்கள், உவை சும்மா நிக்கிறவை எண்டு,” என்றேன்.

மாமா மணியை விட்டுக் கையை எடுத்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

“ஓமடா. சும்மா நிக்கிறவைதான். கழட்டாதை, வடிவா இருக்கு.”

எழும்பி, கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வாயாலேயே மல்லாரி பாடத் தொடங்கினார். இழுக்காமல், நிற்காமல், சரியான வேகத்தில். ஒழுங்கையின் தொங்கல்வரை தேரை இழுத்துப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். பஸ் போகப்போகிறது என்று அம்மா கூப்பிட்டார். மாமா இரண்டாம் தரமும் இழுத்தார். நான் பக்கத்தில் ஓடி ஓடி மணிகளைப் பார்த்துக்கொண்டு போனேன். பஸ்ஸைக்கூட விட்டுவிடுகிற அளவுக்கு என் தேர் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.