கடைசியில் பார்க்க வேண்டிய படம்

ஜப்பானில், குஷிரோ துறைமுகத் தெருவில் என் நூடுல்ஸ் கடைக்கு அடுத்தது தோகிகோவின் முடிதிருத்தும் கடை. கணவர் இறந்த பிறகு தனியாகவே நடத்திவந்தாள். பொழுது போகட்டும் என்று அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றின் வட்டுப் பெட்டியை வாங்கினாள். போரில் பிரிந்துபோன அண்ணன் தம்பி கதை. தொடர் முடிந்து பல வருடம் கழித்து, அவர்களுடைய சின்ன வயதைச் சொல்லும் படம் ஒன்றையும் எடுத்திருந்தார்கள். பெட்டியில் அதுவும் இருந்தது.

அவள் கடை டிவியில் அந்தப் படத்தை முதலில் போடப் போனபோது, மீன்பிடிப் படகில் வேலை செய்யும் இவசே நாற்காலியில் இருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை.

"ஐயையோ, அதைப் போடாதீங்க!"

"சின்ன வயசுதானே முதல்ல வரும்?"

"வெளிவந்த வரிசையில பாருங்க. அது கடைசியிலதான்."

"கத்தி என் கையில இருக்கு இவசே சான்."

"கழுத்தை அறுத்தாலும் கடைசியிலதான்."

அதன்பின் படகு கரையில் நிற்கும் திங்கட்கிழமைகளில், கடை விடுமுறை என்பதால், இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நான் நூடுல்ஸ் கொண்டுபோகும்போதெல்லாம் இவசே திரையைப் பார்க்கமாட்டார். அவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொடர் முடிந்தது. படம் மட்டும் பாக்கி. அந்த வாரமே சொந்த ஊரான கெசென்னுமாவில் அவருடைய அப்பா படுத்த படுக்கையானார். அப்பாவையும் அவருடைய சிப்பிப் பண்ணையையும் பார்த்துக்கொள்ள இவசே ஊருக்குப் போனார். வசந்தத்தில் வருவதாகச் சொன்னார். வரவில்லை.

"நீங்களே பாத்துடுங்க," என்று ஒருநாள் போன் செய்தார்.

"அவசரமில்ல. வாங்க, பாத்துக்கலாம்."

அடுத்த வசந்தமும் போனது. கடைக் கண்ணாடிக்குக் கீழே அந்தப் படத்தின் வட்டு அப்படியே கிடந்தது. ஒரு திங்களன்று அவளே வந்து கூப்பிட்டாள். "தனியா பாக்க முடியலடி. நீ வந்து உக்காரு."

படத்தில் இரண்டு பொடியன்கள் கடற்கரையில் நண்டு பிடித்தார்கள். ஒருவன் விரலை நண்டு கவ்வியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பினால், தோகிகோ அழுதுகொண்டிருந்தாள்.

"இதுல அழ என்னடி இருக்கு?"

"இவனுங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

முடிந்ததும் போனை எடுத்தாள். "பாத்துட்டேன்."

"எங்க அழுதீங்க?" பக்கத்தில் இருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"நண்டு பிடிக்கிற இடத்துல."

"அங்க யாரும் அழமாட்டாங்களே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், "நானும் அங்கதான் அழுதேன்."

"எப்ப வருவீங்க?" அதுவரை அவள் இதைக் கேட்டதே இல்லை.

"அப்பாவை விட்டு நகர முடியல, தோகிகோ சான்."

"சரி. இப்ப முடி யார் வெட்டுறாங்க?"

"நானேதான். பின்பக்கம் கோணல்மாணலாத்தான் இருக்கு."

கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். "தொப்பி போட்டுக்கோங்க, அங்க காத்து அதிகம்," என்று மட்டும் சொன்னாள்.